எலினார் ராத்போன் அம்மையார்

மிஸ் எலினார் ராத்போன் என்ற ஆங்கில மாதின் பெயர் நம் தேசத்தில் நினைவிலிருப்பது பெரும்பாலும் ஒரே ஒரு காரணத்தால்தான். 1941-ம் வருஷத்தில், யுத்தத்தில் பிரிட்டனோடு ஒத்துழைக்க மறுத்த இந்தியத் தலைவர்களைக் கண்டித்து அவர் ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். அப்போது நேரு சிறையில் இருந்தார். நோய்ப் படுக்கையில் கிடந்த மகாகவி தாகூர் அதற்கு மறுமொழி அளித்தார். அந்த மறுமொழியின் சூடு தேசமெங்கும் பரவியது. அதன் பிறகு, இந்தியாவுக்கு உபதேசம் செய்யக் கிளம்பிய மற்றோர் ஆங்கிலச் சீமாட்டி என்று தீர்மானித்து நம்மவர் அந்தப் பெயரை ஒதுக்கிவிட்டனர்.

அந்தத் தீர்மானத்தில் நியாயம் உண்டு. ஆயினும் அது பாதிக் கதைதான். மற்றப் பாதி லிவர்பூல் துறைமுகத்தில் நடந்தது. இன்று வேலை கிடைக்குமா என்பது காலையில் எழுந்திருக்கும்போது தெரியாத கூலிக்காரனுக்கும் அவன் மனைவி மக்களுக்கும், சட்டம் தந்திருக்கும் உரிமை இன்னது, அதை அடையும் வழி இன்னது என்று எடுத்துச் சொல்வதையே ஒரு பொதுப் பணியாக நிலைநிறுத்தியவர்களுள் அவர் முன்வரிசையில் நின்றவர். நம்மைத் தூற்றியவரிடத்தும் கற்கத்தக்கது இருந்தால் அதைக் கற்பது நமக்குக் குறைவாகாது. ஆகையால் அந்த வாழ்க்கையை இரு பக்கமும் திருப்பிப் பார்ப்பது தகும்.

ராத்போன் அம்மையார் 1872-ம் வருஷம் மே மாதம் 12-ந் தேதி லண்டனில் பிறந்தார். குடும்பமோ லிவர்பூலின் பழைய வர்த்தகக் குடும்பம். அடிமை வியாபாரத்தால் கொழுத்த அந்த நகரத்தில், அந்த வியாபாரத்தை எதிர்த்து நின்ற முன்னோர்களை உடையது. தந்தை வில்லியம் ராத்போன் பெரும் வர்த்தகர்; பல்லாண்டு பார்லிமெண்ட் அங்கத்தினராக இருந்தவர். அவருடைய முதல் மனைவி நோயுற்று இறக்குந் தறுவாயில், ஒரு தாதி வீட்டிலேயே தங்கிப் பணிவிடை செய்தாள். செல்வம் நிறைந்த தம் வீட்டிலேயே இது இவ்வளவு ஆறுதல் தருமானால் ஏழையின் வீட்டில் எத்தனை ஆறுதல் தரும் என்று அவர் எண்ணினார். 1859-ல் அதே தாதிக்குச் சம்பளம் கொடுத்து, ஏழைகளின் வீடுகளுக்கு அனுப்பினார். பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரின் யோசனையோடு அந்த ஏற்பாடு வளர்ந்து இங்கிலாந்து முழுவதும் பரவிற்று. ஆஸ்பத்திரிக்கு வர முடியாதவனிடம் வைத்தியம் போய்ச் சேர வேண்டும் என்பது தந்தை கண்ட வழி. சர்க்கார் கச்சேரியின் நடைமுறை தெரியாதவனிடம் சட்டம் போய்ச் சேர வேண்டும் என்பது பின்னாளில் மகள் கண்ட வழி.

1893-ல் அம்மையார் ஆக்ஸ்போர்டில் ஸாமர்வில் கல்லூரியில் சேர்ந்து தத்துவ சாஸ்திரம் பயின்றார். படிப்பு உண்டு, பட்டம் இல்லை. பெண்களுக்குப் பட்டம் வழங்க ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலை 1920 வரையில் இசையவில்லை. 1896-ல் அவர் லிவர்பூலுக்குத் திரும்பினார். ஏழைகளுக்கு உதவும் சங்கம் ஒன்றின் சார்பில் வீடு வீடாகச் சென்று விசாரிக்கும் வேலை கிடைத்தது. அக்காலத்துத் தர்ம சங்கங்களின் வழக்கம் விசித்திரமானது. உதவி கேட்பவன் உதவிக்குப் பாத்திரமானவனா, குடியனா, சோம்பேறியா என்று ஆராய்வதே விசாரணையின் பெரும் பகுதி. அவன் ஏன் இந்த நிலைக்கு வந்தான் என்ற கேள்வியைக் கேட்பவர் அரிது. அம்மையார் அந்தக் கேள்வியைக் கேட்கத் தொடங்கினார்.

தந்தையின் தூண்டுதலோடு அவர் எடுத்துக்கொண்ட முதல் ஆராய்ச்சி துறைமுகக் கூலிகளைப் பற்றியது. லிவர்பூலில் கப்பலில் சரக்கு ஏற்றி இறக்குபவர்களுக்கு வேலை அரை நாள் கணக்கில் கிடைத்தது. காலையில் ஒரு முறை, பிற்பகல் தொடக்கத்தில் ஒரு முறை, குறித்த இடங்களில் ஆட்கள் கூட்டமாக நிற்பார்கள். மேஸ்திரி வந்து வேண்டியவர்களைப் பொறுக்கிக்கொள்வான். மற்றவர்கள் அடுத்த வேளைக்குக் காத்திருக்க வேண்டும். ஒவ்வொரு கம்பெனியும், தன் கப்பல்கள் அனைத்தும் ஒரே நாளில் வந்து சேர்ந்தால் எத்தனை பேர் வேண்டுமோ அத்தனை பேர் தன் வாசலில் நிற்க வேண்டும் என்று விரும்பியது. ஆகவே துறைமுகம் முழுவதற்கும் வேண்டியதைவிட மிகப் பல ஆட்கள் எப்போதும் காத்துக் கிடந்தனர். ஓரிடத்தில் ஆள் போதாமல் இருக்கும். அரை மைல் தூரத்தில் நூறு பேர் வேலையின்றித் திரும்புவார்கள். வாரக் கடைசியில், இரண்டு மூன்று முதலாளிகளிடம் வேலை செய்தவன் இரண்டு மூன்று இடங்களுக்கு நடந்து கூலி வாங்க வேண்டும்.

இவற்றையெல்லாம் ஆராய்ந்து அம்மையார் எழுதிய அறிக்கை 1904-ல் வெளிவந்தது. துறைமுகத் தொழிலாளி ஒழுங்கற்றவன் என்று கனவான்கள் பேசிக்கொண்டிருந்த காலம் அது. வேலையே ஒழுங்கற்றதாயிருக்கும்போது வேலைக்காரன் எப்படி ஒழுங்காயிருப்பான் என்ற உண்மையை அவர் ஆதாரத்தோடு நிறுவினார். வறுமைக்குக் காரணம் கூலிக்காரனுடைய குணத்தில் இல்லை, கூலிக்கு ஆள் எடுக்கும் முறையில் இருக்கிறது என்பதே அந்த ஆராய்ச்சியின் சாரம்.

அடுத்த ஆராய்ச்சி துறைமுகத்திலிருந்து வீட்டுக்குள் சென்றது. தினக்கூலிக் குடும்பங்களின் வரவு செலவை அந்தந்த வீட்டுப் பெண்களிடமிருந்தே வாரா வாரம் கேட்டுக் குறித்து, 1909-ல் மற்றோர் அறிக்கை வெளியிடப்பட்டது. வீட்டு வாடகைக்கு வாரந் தவறாது. வரவு மட்டும் தவறும். ஒரு வாரம் நிறையக் கூலி, மறு வாரம் ஒன்றுமில்லை. அந்த இடைவெளியை அடகுக் கடையும் மளிகைக் கடைக் கடனும் நிரப்பின. புருஷன் உண்மையில் எவ்வளவு சம்பாதிக்கிறான் என்பதே தெரியாமல், அவன் கையில் கொடுத்ததைக் கொண்டு குடித்தனம் நடத்திய பெண்கள் பலர். இந்தக் கணக்குகளைக் கூட்டிக் கழித்தபோதுதான் அம்மையாரின் வாழ்நாள் எண்ணம் உருக்கொண்டது. கூலி என்பது வேலைக்குத் தரப்படுவது. குழந்தை ஒன்றா ஆறா என்பதைக் கூலி பார்ப்பதில்லை. குழந்தையை வளர்ப்பவளுக்கோ கூலியே இல்லை.

அதே 1909-ம் வருஷத்தில் அவர் லிவர்பூல் நகர சபைக்குக் கட்சி சாராதவராகப் போட்டியிட்டு வென்றார். அந்தச் சபையில் அமர்ந்த முதல் பெண் அங்கத்தினர் அவர்தான். ஏறத்தாழக் கால் நூற்றாண்டு காலம் அதே வட்டத்தின் பிரதிநிதியாக இருந்தார். 1913-ல், விதவைகளின் நிலையைப் பற்றி ஆராய்ந்து எழுதினார். புருஷனை இழந்த கூலிக்காரப் பெண்ணுக்கு அக்காலத்தில் இருந்த கதி, பழைய ஏழைச் சட்டத்தின்படி அதிகாரிகள் முன்னால் நின்று உதவி கேட்பதுதான். கிடைப்பது சொற்பம்; அதற்காகத் தாங்கும் விசாரணையும் அவமானமுமோ பெரிது. விதவைக்குத் தருவது பிச்சையாக இருக்கக் கூடாது, உரிமையாக இருக்க வேண்டும் என்று அம்மையார் வாதாடினார்.

இதற்கிடையில் பிரிட்டிஷ் சர்க்கார் சில புதிய சட்டங்களைச் செய்திருந்தது. 1909 ஜனவரி முதல், 70 வயதான ஏழைகளுக்கு வாரம் 5 ஷில்லிங் வரையில் பென்ஷன் கிடைத்தது. 1911-ல் நோய்க்கும், சில தொழில்களில் வேலையில்லாமைக்கும் இன்ஷ்யூரன்ஸ் ஏற்பட்டது. சட்டப் புத்தகத்தில் உரிமை ஏறிவிட்டால் காரியம் முடிந்தது என்று நினைப்பவர் பலர். உண்மையில் காரியம் அங்கேதான் தொடங்குகிறது. பென்ஷனுக்கு வயதை நிரூபிக்க வேண்டும். லிவர்பூலில் ஏழைகளில் பலர் அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அயர்லாந்தில் எல்லாப் பிறப்புகளையும் சர்க்கார் பதிவு செய்யும் வழக்கம் 1864-ல்தான் ஏற்பட்டது. அதற்கு முன் பிறந்த கிழவர் எந்தச் சர்டிபிகேட்டைக் காட்டுவார்? இன்ஷ்யூரன்ஸ் கார்டில் வாரா வாரம் முதலாளி ஸ்டாம்பு ஒட்ட வேண்டும். ஒரே வாரத்தில் பல முதலாளிகளிடம் அரை அரை நாள் வேலை செய்தவனுடைய கார்டில் ஒட்டுவது யார்? ஒருவர் மற்றொருவர் பொறுப்பென்று கைகாட்டினால் நஷ்டப்படுபவன் கூலிக்காரனே. இந்தச் சிக்கலும் சேர்ந்துதான் 1912-ல் லிவர்பூல் துறைமுகத்தில் ஒரு புதிய ஏற்பாட்டைத் தோற்றுவித்தது. பதிவு செய்த தொழிலாளிக்கு ஓர் உலோக வில்லை; எல்லா முதலாளிகளும் தர வேண்டிய கூலியை ஒன்று சேர்த்து வாரம் ஒரு முறை கொடுப்பதற்கும், இன்ஷ்யூரன்ஸ் கணக்கைப் பார்ப்பதற்கும் தனி நிலையங்கள். வேலையின் நிச்சயமின்மை அதனால் ஒழியவில்லை. ஆனால் கூலிக்காரன் அலைந்த அலைச்சல் குறைந்தது.

1914-ல் மகா யுத்தம் மூண்டது. ஆயிரக்கணக்கான தொழிலாளிகள் பட்டாளத்தில் சேர்ந்தனர். பட்டாளத்தானின் மனைவிக்கும் குழந்தைகளுக்கும் சர்க்கார் பணம் தரும் என்பது விதி. பணம் தர வேண்டிய இலாகாவோ அந்தப் பெருக்கத்தைச் சமாளிக்க முடியாமல் திணறிற்று. போர்வீரர்களின் குடும்பங்களுக்கு உதவும் சங்கத்தின் லிவர்பூல் கிளைப் பொறுப்பு ராத்போன் அம்மையாரிடம் வந்து சேர்ந்தது. விவாகச் சர்டிபிகேட் இல்லாதவள், குழந்தையின் பிறப்பைப் பதிவு செய்யாதவள், புருஷன் எந்த ரெஜிமெண்டில் சேர்ந்தான் என்று தெரியாதவள், பாரத்தைப் படிக்கத் தெரியாதவள் என்று வரிசையாக வந்து நின்றனர். அவர்களிடம் பாரத்தை நீட்டிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவது அதிகாரியின் முறை. உட்கார வைத்து, முழுக்கக் கேட்டு, வேண்டிய தஸ்தாவேஜைத் தேடிக் கொடுத்து, கடிதம் எழுதி, பதில் வராவிட்டால் மீண்டும் எழுதி, பணம் வரும் வரையில் கடன் கொடுத்துக் காப்பது அம்மையாரும் அவருடன் உழைத்த தொண்டர்களும் கையாண்ட முறை.

அதில் அவர் ஒரு விந்தையைக் கண்டார். புருஷன் யுத்தகளத்தில் இருந்தான், கவலை இருந்தது, விலைவாசி ஏறிற்று. ஆயினும் தினக்கூலிக் குடும்பங்கள் பலவற்றில் குழந்தைகள் முன்னைவிட நன்றாகத் தேறினார்கள். காரணம் எளியது. குழந்தைகளின் தொகையை அனுசரித்த பணம், தவறாமல் வாரந்தோறும், தாயின் கையில் கிடைத்தது. அந்த வீடுகள் அதுவரை அறியாத பாக்கியம் அது. யுத்த காலத்தில் முடிந்தது சமாதான காலத்தில் ஏன் முடியாது என்ற கேள்வி அவரை விட்டு அகலவில்லை.

யுத்தம் முடிந்ததும் 1919-ல் லிவர்பூலில் ஒரு சங்கம் தோன்றிற்று. பெர்ஸனல் சர்வீஸ் சொஸைடி என்பது அதன் பெயர். மனிதருக்கு மனிதர் நேரில் செய்யும் தொண்டு என்று நாம் கருத்துக் கொள்ளலாம். அதைத் தோற்றுவித்தவர்களுள் ராத்போன் அம்மையார் ஒருவர். நடத்தியவர் டாரதி கீலிங் அம்மையார். யார் வேண்டுமானாலும் எந்தக் கஷ்டத்தோடும் வரலாம். வருபவரின் நடத்தைக்கு நற்சாட்சி தேவையில்லை. முதலில் காது கொடுப்பது, பிறகு வழி சொல்வது, தேவையானால் கூடவே போவது.

அத்தகைய தொண்டுக்கு அப்போது தேவையும் பெருகியிருந்தது. 1920-ல் வேலையில்லா இன்ஷ்யூரன்ஸ் பெரும்பாலான தொழில்களுக்கு விரிந்தது. விதி விரிய விரியச் சிக்கலும் விரிந்தது. வாரத்தில் மூன்று நாள் வேலை, மூன்று நாள் உதவித் தொகை என்று கணக்கிட்டு வாழ்வதே துறைமுகத்தில் வழக்கமாயிற்று. ஒரு நாள் அதிகமாக உழைத்தவன் சில சமயம் வீட்டுக்குக் குறைவாகக் கொண்டு போனான். 1931-ல் குடும்ப வருமானப் பரிசோதனை வந்தது. மகனுக்கோ மகளுக்கோ வேலை கிடைத்தால் தகப்பனுடைய உதவி குறைக்கப்பட்டது. இதனால் வீடுகள் பிரிந்தன. இத்தகைய விதிகளைக் கூலிக்காரன் தானே படித்து அறிய வேண்டுமென்று எதிர்பார்ப்பது அநியாயம். வழக்கறிஞருக்குக் கொடுக்க அவனிடம் பணம் இல்லை. 1890-களிலிருந்து லண்டனின் கீழ்ப் பகுதி முதலிய இடங்களில் சில வழக்கறிஞர்கள் மாலை நேரங்களில் ஏழைகளுக்கு இலவசமாகச் சட்ட யோசனை சொல்லி வந்தார்கள். அவர்கள் காட்டிய வழியும், லிவர்பூல் காட்டிய வழியும் பின்னர் ஒன்றாகக் கலந்தன.

இந்த யோசனைத் தொண்டில் மற்றொரு பலனும் உண்டு. ஒரு தெருவில் பத்துப் பேர் ஒரே நோயோடு வந்தால் வைத்தியன் கிணற்றைப் போய்ப் பார்க்க வேண்டும். ஒரே விதியால் அடிபட்ட நூறு பேர் ஒரே மேஜைக்கு வந்தால் அந்த விதியை மாற்ற வேண்டும். லிவர்பூலின் சந்துகளில் கேட்டறிந்ததை அம்மையார் 1924-ல் ஒரு பெரிய நூலாக எழுதினார். உரிமை இழந்த குடும்பம் என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். குழந்தைகளுக்கான உதவித் தொகையைச் சர்க்கார் தாய்மாருக்குத் தர வேண்டும் என்பது நூலின் வாதம். அதைப் படித்து மனம் மாறிய அறிஞர்களுள் வில்லியம் பெவரிட்ஜ் ஒருவர். 1929-ல் அம்மையார் ஆங்கில சர்வகலாசாலைகளின் சார்பில் பார்லிமெண்டில் நுழைந்தார். அங்கும் கட்சி சாராதவராகவே இறுதி வரையில் இருந்தார்.

1938-ல் ஹிட்லரின் கொடுமைக்குத் தப்பியவர்களுக்காகப் பார்லிமெண்டில் ஒரு கமிட்டி அமைவதற்கு அவர் காரணமாயிருந்தார். 1940-ல் சர்க்கார் அந்த அகதிகளில் பல்லாயிரம் பேரை விரோதி தேசத்தார் என்று பிடித்து அடைத்தது. லிவர்பூலை அடுத்த ஹைடன் முகாமுக்கு அவர் நேரில் சென்று அவர்களுடைய குறைகளைக் கேட்டார். ஒவ்வொருவருடைய வழக்கையும் தனித் தனியாக எடுத்து மந்திரிகளுக்குக் கடிதமும் சபையில் கேள்வியுமாகத் தொந்தரவு கொடுத்துக்கொண்டே இருந்தார். லிவர்பூலில் விதவைக்குச் செய்ததும் இங்கே அகதிக்குச் செய்ததும் ஒரே காரியந்தான்.

1939 செப்டம்பர் 3-ந் தேதி பிரிட்டன் யுத்தப் பிரகடனம் செய்தது. மறுநாளே பிரஜைகளுக்கான யோசனை நிலையங்கள் 200 அந்நாட்டில் திறக்கப்பட்டன. லிவர்பூலில் அவற்றை நடத்தும் பொறுப்பை மேற்சொன்ன சங்கமே ஏற்றது. மூன்று வருஷத்திற்குள் அவற்றின் தொகை ஆயிரத்தைத் தாண்டிற்று. குண்டு விழுந்து வீடிழந்தவர், ரேஷன் புத்தகத்தைத் தொலைத்தவர், பட்டாளத்துப் பணம் வராதவர், கடனில் சிக்கியவர் எல்லாரும் அங்கே வந்தனர். கட்டடம் இல்லாத இடத்துக்குக் குதிரை ஏற்றும் வண்டி ஒன்றையே ஆபீஸாக மாற்றி ஓட்டிச் சென்றார்கள். இந்த ஸ்தாபனம் அம்மையார் ஒருவரின் சிருஷ்டி அன்று; பலருடைய உழைப்பின் பயன். ஆனால் அதன் வேர்களில் ஒன்று லிவர்பூலில் இருந்தது.

நிற்க. இனி இந்திய விஷயத்தில் அவர் நடந்துகொண்டதைப் பார்ப்போம்.

1927-ல் அமெரிக்க மாது காதரைன் மேயோவின் புத்தகம் வெளியாயிற்று. நம் நாட்டின் குறைகளையே பொறுக்கிக் கோத்து, நாம் சுயராஜ்யத்துக்குத் தகுதியற்றவர்கள் என்று உலகத்துக்குக் காட்டிய புத்தகம் அது. ராத்போன் அம்மையாரை அது உலுக்கிவிட்டது. பாலிய விவாகத்தால் மடியும் சிறுமிகளுக்காக அவர் மனம் உண்மையிலேயே துடித்தது. அதில் கபடம் இல்லை. ஆனால், லிவர்பூலில் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து கேட்ட பிறகே பேசியவர், இந்தியா விஷயத்தில் ஓர் அந்நியரின் புத்தகத்தைப் படித்துவிட்டுப் பேசத் தொடங்கினார். 1929 அக்டோபரில் லண்டன் காக்ஸ்டன் மண்டபத்தில் இந்தியப் பெண்களின் நிலையைப் பற்றி ஒரு மகாநாடு கூட்டினார். சென்னை பிரஸிடென்ஸி கல்லூரியில் படித்து, ராணி மேரி கல்லூரியில் போதித்தவரான ஸ்ரீமதி தன்வந்தி ராமராவ் அந்தச் சபையில் எழுந்து ஆட்சேபித்தார். இந்தியப் பெண்களின் குறைகளை நீக்க இந்தியப் பெண்களே உழைத்து வருகிறார்கள். இந்தியாவைக் கண்ணாலும் பாராதவர்கள் அதற்குத் தலைமை வகிக்க வேண்டியதில்லை என்பது அவருடைய ஆட்சேபத்தின் கருத்து. அது வெறும் ரோஷம் அன்று. பாலிய விவாகத்தைத் தடுக்கும் சாரதா சட்டம், ஓர் இந்திய அங்கத்தினரின் முயற்சியால், அந்த மகாநாட்டுக்குச் சில தினங்களுக்கு முன்புதான் இந்தியச் சட்டசபையில் நிறைவேறியிருந்தது.

1932-ன் தொடக்கத்தில் அம்மையார் இந்தியாவுக்கு வந்து பார்த்தார். 1934-ல் பாலிய விவாகத்தைப் பற்றி ஒரு புத்தகமும் எழுதினார். ஓட்டுரிமை விஷயத்தில், மனைவி என்ற தகுதியால் பெண்களில் ஒரு பகுதியினருக்காவது ஓட்டுக் கிடைக்க வேண்டுமென்று அவர் போராடினார். நம் பெண்கள் ஸ்தாபனங்கள் கேட்டதோ வேறு. 1933-ல் பார்லிமெண்டின் கூட்டுக் கமிட்டி முன்பு ராஜகுமாரி அம்ருத் கௌரும், பேகம் ஹமீத் அலியும், நம் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியும் சாட்சியம் அளித்து, வயது வந்தோர் அனைவருக்கும் ஓட்டுரிமை என்றனர். பெண்களுக்குத் தனி ஸ்தானம் வேண்டாமென்றனர். 1935-ம் வருஷத்துச் சட்டத்தால் சுமார் 60 லட்சம் பெண்களுக்கு ஓட்டுரிமை கிடைத்தது. அதில் அம்மையாரின் முயற்சிக்கும் பங்கு உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் கேட்டவர்களுக்குக் கேட்டது கிடைக்கவில்லை. அவர்களுக்கு எது போதும் என்று மற்றவர்கள் நினைத்தார்களோ அதுதான் கிடைத்தது.

1941-ம் வருஷத்துக் கடிதம் இந்த மனப்பான்மையின் முடிவு. ஹிட்லரை அவர் அளவு வெறுத்தவர் பிரிட்டனில் சிலரே. இந்தியா ஏன் முழு மனத்தோடு யுத்தத்தில் சேரவில்லை என்ற கோபம் அவரை மீறிற்று. பிரிட்டன் இந்தியாவுக்குச் செய்த நன்மைகளை நினைவூட்டினார். தாகூரின் மறுமொழி அந்த நன்மைகளின் கணக்கைக் கேட்டது. இரண்டு நூற்றாண்டு ஆட்சிக்குப் பிறகும் குடிதண்ணீருக்குத் தவிக்கும் கிராமங்களை அது சுட்டிக் காட்டிற்று. ஜூன் மாதத்தில் அந்த மறுமொழி வெளியாயிற்று; ஆகஸ்டு 7-ந் தேதி கவி காலமானார். துறைமுகக் கூலி சோம்பேறி என்று சொன்ன கனவான்களிடம் லிவர்பூல் ராத்போன் கேட்ட கேள்வியை, இந்தியாவைப் பற்றிப் பார்லிமெண்ட் ராத்போன் தம்மையே கேட்டுக்கொள்ளவில்லை.

அவருடைய வாழ்நாள் லட்சியம் 1945-ல் கைகூடிற்று. 1942-ல் வெளியான பெவரிட்ஜ் அறிக்கை குழந்தைகளின் உதவித் தொகையை ஏற்றிருந்தது. அதன்பின் வந்த மசோதாவில், முதல் குழந்தை நீங்கலாக ஒவ்வொரு குழந்தைக்கும் வாரம் 5 ஷில்லிங் என்று சர்க்கார் முன்வந்தது. ஆனால் பணம் தகப்பனுக்கே சொந்தம் என்று அதில் எழுதியிருந்தது. இருபது வருஷத்துக்கு மேலாகப் போராடிப் பெற்ற மசோதாவையே எதிர்த்து ஓட்டுப் போடுவேன் என்று அம்மையார் நின்றார். கட்சிக் கட்டுப்பாட்டைத் தளர்த்திச் சபையின் விருப்பத்துக்கு விட்டார்கள். பணம் தாய்க்கே என்று முடிவாயிற்று. 1946 ஜனவரி 2-ந் தேதி, தமது 73-வது வயதில், அவர் திடீரென்று காலமானார். அதே வருஷம் ஆகஸ்டு 6-ந் தேதி தாய்மார்கள் முதல் தவணையைப் பெற்றார்கள். அதைப் பார்க்க அவர் இருக்கவில்லை.

அவர் ஆராய்ந்த துறைமுக முறையும் உடனே ஒழியவில்லை. 1947-ல் பதிவுத் திட்டம் சட்டமாயிற்று. 1967-ல்தான் அரை நாள் கூலி முறை ஒழிந்தது. 1989-ல் அந்தத் திட்டமே ரத்து செய்யப்பட்டது. இன்று உலகமெங்கும் நிச்சயமற்ற வேலை புதிய வேஷத்தில் திரும்பியிருக்கிறது. மேஸ்திரி துறைமுகத்தில் நிற்கவில்லை, கைப்பேசியில் இருக்கிறான். உணவுப் பொட்டலம் கொண்டு செல்லும் இளைஞன் அடுத்த அழைப்புக்காகத் தெரு மூலையில் காத்து நிற்கும் காட்சி, லிவர்பூல் கூலி காத்து நின்ற காட்சியிலிருந்து வேறுபட்டதன்று. அவனுக்கென்று சட்டங்களும் நல வாரியங்களும் ஏற்பட்டு வருகின்றன. ஆயினும் சர்டிபிகேட்டில் பெயர் ஓரெழுத்து மாறினால் போதும், அவன் உரிமை நின்றுவிடும். தாலுக்கா கச்சேரி வாசலில் மனு எழுதுபவரை விட்டால் அவனுக்கு வழி சொல்ல ஆள் இல்லாத ஊர்கள் எத்தனையோ!

பொதுவாழ்வில் ஈடுபட்டவர்கள் கூட்டம் போடுகிறோம், தீர்மானம் செய்கிறோம், சட்டம் வேண்டுமென்று போராடுகிறோம். அவையெல்லாம் வேண்டியவையே. ஆனால் வாரத்தில் ஒரு மாலை, ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, விதிகளைப் படித்தறிந்த ஒருவர் என்ற சிறு ஏற்பாடு நம் வட்டத்தில் எங்கே இருக்கிறது என்று ஒவ்வொருவரும் தம்மைக் கேட்டுக்கொள்வது நல்லது. அறியாத உரிமை இல்லாத உரிமையே.

ராத்போன் அம்மையாரின் வாழ்வில் இரு பாதிகளும் ஒரே பாடத்தைத்தான் சொல்கின்றன. கேட்ட பிறகு அவர் சொன்ன யோசனை கூலிக்காரன் வீட்டில் அடுப்பெரியச் செய்தது. கேட்காமல் அவர் சொன்ன யோசனை ஒரு தேசத்தின் மனத்தைப் புண்படுத்தியது. நாமும் ஏழையின் வீட்டுக்கு யோசனை சொல்லப் போகும்போது, இவ்விரண்டில் எந்த ராத்போனாகப் போகிறோம் என்பதை வாசற்படியிலேயே தீர்மானித்துக்கொள்ள வேண்டும்.